வைத்தியக் கல்வியும் விலைச்சீட்டும்

வைத்தியம் பயில விரும்பும் மாணவர் தமது கல்லூரியை எவ்வாறு தெரிவுசெய்ய வேண்டும்? அங்கு கற்பிக்கும் முறையைப் பார்த்தே தெரிவுசெய்ய வேண்டும் என்று இன்று பலரும் உபதேசம் செய்கின்றனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், உயர்தரப் பரீட்சை முடிந்து பிள்ளை வீட்டிலிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், இக்கேள்வி இரவுச் சாப்பாட்டோடு பரிமாறப்படுகிறது. அன்னிய நாட்டுக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் வழவழப்பான கையேடுகளை விரித்து, ‘எங்கள் கல்லூரியில் விரிவுரை இல்லை, சிறு குழுவாக அமர்ந்து பிரச்சினைகளை ஆராய்ந்தே கற்பர்’ என்கின்றனர். முதலாண்டிலேயே நோயாளியைக் காணலாம் என்கிறது ஒரு கையேடு. பிரேதத்தை வெட்டாமலே உடற்கூற்றைத் திரையில் கற்கலாம் என்கிறது மற்றொன்று. தகப்பன் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு இறுதியில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: ‘வருஷத்துக்கு எவ்வளவு?’

அந்தக் கடைசிக் கேள்வியிலேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தெரிவு என்பது யாருக்கு உண்டு? கொட்டகலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு உண்டா? கிளிநொச்சியில் தகப்பனை யுத்தத்தில் பறிகொடுத்த பையனுக்கு உண்டா? அவர்களுக்கு உள்ளது இஸட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி, மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதம். அந்தக் கடிதம் யாழ்ப்பாணம் என்றால் யாழ்ப்பாணம். றுகுணை என்றால் றுகுணை. பத்தில் நான்கு இடங்கள் நாடளாவிய திறமைக்கு. ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு. ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்தக் கணக்கினுள் ‘எனக்குப் பிடித்த கற்பித்தல் முறை’ என்றொரு கட்டம் கிடையாது. ஆகவே, கற்பிக்கும் முறையைப் பார்த்துக் கல்லூரியைத் தெரிவுசெய் என்ற உபதேசம் பணமுள்ளவனை நோக்கிய உபதேசம். சந்தையில் சாமான் வாங்குகிறவனுக்குச் சொல்லும் புத்திமதி அது.

இதைக் கண்டு நம்மில் சிலர், ‘அப்படியானால் கற்பிக்கும் முறையைப் பற்றிய பேச்சே பணக்காரரின் ஆடம்பரம், இலவசக் கல்வியைக் காப்பதே நமது வேலை’ என்று கூறி ஒதுங்கிவிடுகின்றனர். இதுவும் தவறு. முதலாவது தவற்றைவிட ஒருவகையில் இது அபாயகரமானது. ஏனெனில், வைத்தியம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதன் பலனை அனுபவிப்பவன் மாணவன் மட்டுமல்லன். கட்டிலில் கிடக்கும் நோயாளி.

வியன்னா நகரத்துப் பொது வைத்தியசாலையின் கதை உலகறிந்தது. 1840களில் அங்கே இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர் பயின்றனர்; மற்றதில் மருத்துவிச்சிகள் பயின்றனர். மாணவர் பயின்ற விடுதியிலேதான் தாய்மார் அதிகமாகச் செத்தனர். பிரேத அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்த கைகளே அவர்களைக் கொன்றன என்று செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் 1847இல் கண்டறிந்தார், குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார், மரணம் சரிந்தது. ஆனால் மேலிடத்துப் பேராசிரியர்கள் ஏற்க மறுத்தனர். அவர்களுடைய கௌரவத்துக்கு இழுக்கு வந்துவிடுமல்லவா? கற்பித்தலை ஒழுங்கு செய்திருந்த விதமே அந்த ஏழைத் தாய்மாருக்கு எமனாயிற்று. அதைச் சுட்டிக்காட்டிய கேள்வியைக் கேட்க விடாத அதிகாரம் அந்த மரணத்தை நீடிக்கச் செய்தது. கற்பிக்கும் முறை ஆடம்பர விஷயம் என்று இதன் பின்னரும் யாராவது சொல்ல முடியுமா?

ஆக, கேள்வி நியாயமானது. அது கேட்கப்படும் இடந்தான் பிழையானது. கடையிலே கேட்கப்படும் கேள்வியை நாம் பொதுமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். ‘என் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி ஏற்றது?’ என்பதை, ‘நமது மக்களுக்கு எத்தகைய வைத்தியர் வேண்டும்? அவரை உருவாக்க எவ்வாறு கற்பிக்க வேண்டும்?’ என்று மாற்றிக் கேட்க வேண்டும்.

முகவர்களின் கையேடுகள் புகழும் முறை எங்கிருந்து வந்தது? கனடாவில் ஹமில்ரன் நகரத்து மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் 1969இல் இருபது மாணவரோடு ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. மனனம் செய்யும் விரிவுரைகளைக் கைவிட்டு, ஒரு நோயாளியின் பிரச்சினையை முன்வைத்து, சிறு குழுவாகத் தேடிக் கற்கும் முறையை அங்கே வகுத்தனர். 1974இல் ஒல்லாந்து தேசத்து மாஸ்ரிக்ற் அதனைப் பின்பற்றியது. நல்ல முறைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது இலங்கைக்கு வராத புதுமையா? கொழும்பு மருத்துவ பீடம் 1995இலேயே தன் பாடத்திட்டத்தை மாற்றி, பாடங்களை ஒருங்கிணைத்து, சிறு குழுக் கற்றலையும் சமுதாய மருத்துவப் பயிற்சியையும் அதிலே சேர்த்துக்கொண்டது. கோடி கொடுத்து வெளிநாட்டில் வாங்கச் சொல்லும் சரக்கு, கின்சி வீதியில் இலவசமாகக் கிடைத்து வந்திருக்கிறது! இதைக் கையேடு சொல்லாது. சொன்னால் வியாபாரம் நடக்காது.

சரக்கு என்றேன். உண்மையில் கற்பிக்கும் முறை பெட்டியில் அடைத்து விற்கக்கூடிய சரக்கே அன்று. அது நோயாளியோடு பிணைந்தது. வைத்திய மாணவனின் முதல் ஆசான் பேராசிரியர் அல்லர், நோயாளி. ஈரலின் வீக்கத்தை விரல் நுனியால் அறிவதையும், இருதயத்தின் முணுமுணுப்பைக் காதால் பிரித்தறிவதையும், சாகப்போகிறவனிடம் எப்படிப் பேசுவது என்பதையும் புத்தகம் கற்பிப்பதில்லை. அவற்றைக் கற்பிப்பவர்கள் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் மட்டக்களப்பிலும் உள்ள போதனா வைத்தியசாலைகளிலும் கட்டிலிலும் கட்டிலுக்குக் கீழே பாயிலும் கிடக்கும் ஏழைகள். வாழைத்தோட்டத்துச் சுமை தூக்குபவர், இரத்மலானைத் தொழிற்சாலையில் வேலைபார்க்கும் பெண், ஹற்றனில் கொழுந்து பறிப்பவள் ஆகிய இவர்கள் தமது உடலைப் பாடப்புத்தகமாகத் திறந்து வைக்கின்றனர். சம்பளம் வாங்காத ஆசிரியர்கள் இவர்கள். பத்துப் பேர் மாறி மாறி வயிற்றை அமுக்கும்போது பொறுத்துக் கிடக்கின்றனர். பணக்காரன் தனியார் வைத்தியசாலையின் குளிரூட்டிய அறையில் படுத்து, மாணவர் எவரையும் உள்ளே விடாதே என்கிறான். மாணவன் கற்பதோ ஏழையின் உடலில். அவன் கற்றதன் பயனைப் பிற்காலத்தில் வாங்குபவன் பணக்காரன். இந்த விபரீதத்தைப் பற்றி எந்தக் கல்லூரியின் கையேட்டிலாவது ஒரு வரி உண்டா?

தனியார் மருத்துவக் கல்லூரிகள் நமது நாட்டில் இடறி விழுந்தது இந்த இடத்திலேதான். 1980களின் தொடக்கத்தில் றாகமையில் வட கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது. கட்டணம் வாங்கிய கல்லூரி. நோயாளருக்கோ அரசாங்க வைத்தியசாலை. மாணவர் கிளர்ந்தெழுந்தனர், 1989இல் அரசாங்கம் அதனை ஏற்றது, 1991இல் அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. பின்னர் மாலபேயில் சைட்டம் வந்தது. அங்கே கட்டடம் இருந்தது, கருவி இருந்தது, தனக்கென ஒரு வைத்தியசாலையும் இருந்தது. ஆனால் மாணவர்க்குப் போதிய சிகிச்சைப் பயிற்சி இல்லை என்பதே இலங்கை மருத்துவ சபையின் முதன்மையான ஆட்சேபம். காசு கொடுத்து நோயாளர் கட்டிலை நிரப்புவதில்லை; நோயாளர் இல்லாமல் வைத்தியர் உருவாவதில்லை. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்மாணவரைப் பதிவுசெய்யக் கட்டளையிட்டது; 2018இல் உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஆயினும் வீதியில் எழுந்த எதிர்ப்பின் முன் அரசாங்கம் அந்நிறுவனத்தை மூடுவதாக 2017இல் அறிவித்து, 2018இல் தனிச் சட்டமொன்றின் மூலம் மாணவரை வேறிடத்துக்கு மாற்றியது.

எந்த இடத்துக்கு? இரத்மலானைக்கு.

இரத்மலானை நமக்கு அன்னியமான ஊரன்று. 1938 முதல் அங்கே இயங்கிவரும் விமான நிலையம் 1983 யூலையில் வீடிழந்த தமிழரின் அகதி முகாமாயிற்று. புகையிரதத் திணைக்களத்தின் வேலைத்தளமும் தொழிற்பேட்டையும் அங்கே உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்கும் இந்துக் கல்லூரியும் அங்கேயே உண்டு. அதே ஊரிலே, முன்னாள் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலையின் கந்தவளைத் தோட்டத்தில், 1981ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இராணுவக் கல்விக்கூடம், 2007இல் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. அதற்கு ஒரு மருத்துவ பீடமும் உண்டு. இராணுவ மாணவரோடு, கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவரும் அங்கே பயின்றனர். பின்னர் சைட்டம் மாணவரும் அங்கேதான் சேர்க்கப்பட்டனர்.

இராணுவத்துக்கு வைத்தியர் வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். காயம்பட்ட சிப்பாயும் ஏழைத் தாயின் பிள்ளைதான். அங்கே படித்து வெளியேறிய இளைஞர் மீதும் நமக்குப் பகை இல்லை. அவர்களுள் திறமைசாலிகள் பலர் இருப்பர். நமது கேள்வி வேறு. பாதுகாப்பு அமைச்சின் கீழ், சீருடைத் தளபதிகளின் ஆட்சியில், குடிமக்களின் பிள்ளைகளுக்கு வைத்தியம் கற்பிப்பதை ஒரு நியாயமான முறையாக நாடு ஏற்கலாமா? சிறு குழுவில் அமர்ந்து ‘ஏன்?’ என்று கேட்பதே நவீன வைத்தியக் கல்வியின் உயிர் என்கிறீர்கள். இராணுவக் கல்வியின் உயிரோ ‘ஏன்’ என்று கேளாமை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வாழும் என்று எந்த அறிவாளி நம்புவார்? வியன்னாவில் மேலதிகாரியை நோக்கிக் கை நீட்டிய செம்மல்வைஸ், அணிவகுப்பு மைதானத்தில் என்ன ஆகியிருப்பார்?

2021இல் இப்பல்கலைக்கழகத்தை மேலும் விரிவுபடுத்தி, படைத் தளபதிகள் நிறைந்த ஆட்சிச் சபையின் கீழ், 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்துக்கு வெளியே நிலைநிறுத்தும் மசோதா ஒன்று முன்வந்தது. ஆசிரியரும் மாணவரும் எதிர்த்தனர். அவ்வாண்டு யூலை 8ஆம் நாள் பாராளுமன்றத்தருகே ஆர்ப்பாட்டம் செய்தோர் கைதாயினர். நீதிமன்றம் பிணையில் விட்ட பின்னரும், தனிமைப்படுத்தல் என்னும் போர்வையில் முல்லைத்தீவு முகாமுக்கு அவர்களைக் கொண்டு சென்றனர். இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் யோசப் ஸ்ராலின் அவர்களுள் ஒருவர். நாடெங்கும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினர். மசோதா அவ்வாண்டு சட்டமாகவில்லை. கேள்வி கேட்ட ஆசிரியனை முகாமுக்கு அனுப்பிய அதிகாரம், கேள்வி கேட்டுக் கற்கும் பல்கலைக்கழகம் அமைக்கப்போவதாகச் சொன்னது! கற்பிக்கும் முறையை அறியக் கையேடு வேண்டியதில்லை. அந்த ஒரு சம்பவம் போதும்.

இனி, கையேடுகளும் கண்டுகொள்ளாத, நமது பல்கலைக்கழகங்களும் போதியளவு கண்டுகொள்ளாத ஒன்றுக்கு வருவோம். அது மொழி. மாணவர் ஆங்கிலத்தில் கற்கின்றனர். நோயாளி தமிழில் முனகுகிறார், சிங்களத்தில் அழுகிறார். ‘நெஞ்சு படபடக்குது’, ‘தலை சுத்துது’, ‘வயிறு ஒரு மாதிரி’ என்று அவர் கூறும் சொற்களிலேதான் நோயின் சரித்திரம் முழுவதும் உள்ளது. தமிழ் தெரியாத வைத்தியரின் முன் மலையகத் தாய் விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாள்; சிங்களம் தெரியாத தமிழ் வைத்தியரின் முன் மாத்தறைக் கிழவி அதையே செய்கிறாள். தாதியோ துப்புரவுத் தொழிலாளியோ மொழிபெயர்க்கின்றனர். ஐந்து வருஷம் நவீன முறையில் கற்றவர் நோயாளியின் முதல் வாக்கியத்தை விளங்காமல் நிற்கிறார். இது என்ன கற்பித்தல் முறை?

நமது மண்ணிலே இதற்கு ஒரு விடை இருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நமது பிள்ளைகளுக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தோன்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே நடந்த காரியம் இது. முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகம் நாடிப் போய்விடுகின்றனர். தமிழில் கற்றவர் தம் ஊரில் தங்கி ஊராருக்கு வைத்தியம் செய்வர் என்பது அவர் கண்ட உண்மை. உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம், இரசாயனம் என்று நூல் நூலாகத் தமிழில் பெயர்த்தார். 1873இல் நாடு திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கியிருந்தார். மதம் பரப்ப வந்தவர்தாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘எவ்வாறு கற்பிப்பது’ என்ற கேள்விக்கு, ‘இவர் யாரிடம் போய் வைத்தியம் செய்யப்போகிறார்?’ என்ற கேள்வியிலிருந்தே அவர் விடை கண்டார். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின் நூற்றுக்கணக்கான வைத்தியர் விமானம் ஏறியதைக் கண்ட நாம், அந்த மானிப்பாய்க் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டாமா?

தரம், தரம் என்று மட்டும் கூச்சலிடுவோருக்கு இன்னுமொரு சரித்திரம் உண்டு. 1910இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆய்வுகூடமும் வைத்தியசாலையும் இல்லாத வியாபாரக் கல்லூரிகள் பல அதனால் ஒழிந்தன, அது நன்மையே. ஆனால் கறுப்பின மக்களுக்கென இருந்த ஏழு கல்லூரிகளுள் இரண்டே எஞ்சின. தரம் உயர்ந்தது, ஏழையின் வாசல் அடைபட்டது. நமது நாட்டிலோ 1971இல் வேறொரு விதமாக வாசல் அடைபட்டது. மருத்துவத்துக்குச் சிங்கள மாணவருக்கு 229 புள்ளி போதும், தமிழ் மாணவருக்கு 250 வேண்டும் என்று மொழிவாரியாக வரம்பு வைத்தனர். அதன் விளைவுகளை விபரிக்க வேண்டியதில்லை. ஒரு தலைமுறை அதனை இரத்தத்தால் எழுதியது. இரண்டு சம்பவங்களும் ஒன்றையே கூறுகின்றன: யார் உள்ளே வருகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, உள்ளே எவ்வாறு கற்பிக்கிறார்கள் என்பதைத் தனியே பேச முடியாது.

இவ்வளவும் கூறிய பின், நமது அணியையும் சற்றுப் பார்க்க வேண்டும். தனியார் கல்லூரி வேண்டாம் என்று வீதியில் இறங்கியோர் எல்லோரும் மக்களுக்காகவா இறங்கினர்? காலையில் அரசாங்க வைத்தியசாலை, மாலையில் தனியார் வைத்தியசாலை என்று இரு தோணியில் கால் வைக்கும் நிபுணர் பலர் அந்த ஊர்வலத்தில் நடந்தனர். அவர்களுக்கு அஞ்சவேண்டியிருந்தது போட்டியை. மக்களுக்கு அஞ்சவேண்டியிருப்பது நட்டத்தை. இரண்டும் ஒன்றல்ல. இலவச மருத்துவ பீடத்தின் உள்ளே பகிடிவதை என்னும் காட்டுமிராண்டித்தனம் இன்னும் சாகவில்லை. நோயாளியின் முன்னால் மாணவியை அவமதிக்கும் நிபுணர் இன்னும் இருக்கிறார். பழைய குறிப்புகளைப் பிரதிபண்ணி மனனம் செய்து தேறுவோர் இன்னும் உள்ளனர். மருத்துவ பீடத்து வாசல் வரை வருவதற்கே ரியூட்டரிக்கு மாதாமாதம் பணம் கட்டவேண்டியிருக்கிறது. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் திறந்த கதவுக்கு முன்னால், ரியூசன் என்னும் சுங்கச்சாவடி எழுந்து நிற்கிறது. இவற்றைக் காணாதிருந்துகொண்டு ‘இலவசக் கல்வியைக் காப்போம்’ என்று மட்டும் முழங்கினால், பணமுள்ளவன் கையேட்டைக் காட்டிச் சிரிப்பான். அவனுக்கு நாம் கொடுக்கவேண்டிய பதில் கோஷமன்று. அவன் காட்டுவதைவிட நல்ல கற்பித்தல்.

பிரித்தானிய வைத்தியர் யூலியன் ரியூடர் ஹாட், வேல்ஸ் தேசத்துச் சுரங்கத் தொழிலாளரிடையே வேலை செய்தவர், 1971இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தார்: எங்கே வைத்தியம் மிகத் தேவையோ அங்கேதான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் ஆட்சி வலுக்க வலுக்க இந்த முறைகேடும் வலுக்கிறது. கல்வியும் இந்த விதிக்கு விலக்கன்று. கியூபா 1999இல் ஹவானாவில் திறந்த லத்தீன் அமெரிக்க மருத்துவக் கல்லூரி, பல நாட்டு ஏழைப் பிள்ளைகளைக் கட்டணமின்றிச் சேர்த்து, ‘படித்து முடித்து உன் மக்களிடம் திரும்பிப் போ’ என்றது. அதன் குறைகளைப் பேசலாம். ஆனால் அங்கே யாரைச் சேர்ப்பது, எவ்வாறு கற்பிப்பது, எங்கே அனுப்புவது என்ற மூன்றையும் ஒரே கேள்வியாகக் கருதினர். அந்த ஒருமையே நாம் கற்கவேண்டியது.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளை நாளை உங்களிடம் வந்து, ‘சேர், எந்த மருத்துவக் கல்லூரி நல்லது?’ என்று கேட்பாள். அவளிடம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். அந்தக் கல்லூரி யாருடைய உடலில் கற்பிக்கிறது? அந்த உடலுக்குரியவரின் மொழியை அது கற்பிக்கிறதா? அங்கே மாணவர் ‘ஏன்’ என்று கேட்டால் பதில் கிடைக்குமா, தண்டனை கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் விடை சொல்லாத கல்லூரி, மேசையை வட்டமாகப் போட்டாலும் சதுரமாகப் போட்டாலும் வித்தியாசம் இல்லை.

மாணவ நண்பர்களே, கடிதம் எந்தப் பீடத்துக்கு வந்தாலும் அங்கே போங்கள். போய் வாய்மூடி இராதீர்கள். இரண்டாம் மொழியைப் பரீட்சைப் பாடமாக்கக் கேளுங்கள். தோட்ட வைத்தியசாலையிலும் கிராமிய வைத்தியசாலையிலும் பயிற்சி கேளுங்கள். பகிடிவதையை உங்கள் ஆண்டோடு நிறுத்துங்கள். கட்டிலில் கிடப்பவரிடம், அவர் வயிற்றைத் தொடுமுன், அவர் மொழியில் அனுமதி கேளுங்கள். கல்லூரியை விலை கொடுத்துத் தெரிவுசெய்ய உங்களுக்கு வழியில்லை. கிடைத்த கல்லூரியை மக்களுக்கு ஏற்றதாக மாற்றும் வழி உங்களுக்கு உண்டு. அந்த வழி எந்த முகவரின் கையேட்டிலும் அச்சிடப்படுவதில்லை. அதற்கு விலையும் குறிக்கப்படுவதில்லை.